கேன்சர் பேஷண்ட் திடீர்னு குழம்பிப் பேச ஆரம்பிச்சா: கால்சியம் ஏறியிருக்கான்னு கண்டுபிடிக்கிறதுல இருந்து தெளியுற வரைக்கும், வரிசையா

கேன்சர் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா வேலை பாக்குறேன். நைட் டியூட்டில அட்மிஷன் வரும்போது அட்டெண்டர்ஸ்கிட்ட நான் அடிக்கடி கேக்குற வார்த்தை இதுதான்: "சிஸ்டர், அம்மா நாலு நாளா ஒரே தூக்கம், பேச்சும் முன்ன பின்ன வருது, மருந்து மயக்கம்னு விட்டுட்டோம்." ரத்தம் எடுத்துப் பார்த்தா கால்சியம் 14 (mg/dL கணக்குல) இருக்கும். அந்த நாலு நாளை மிச்சம் பண்ணத்தான் இதை எழுதுறேன். வீட்டுல பாத்துக்குறவங்களுக்கும், வார்டுக்குப் புதுசா வந்த சிஸ்டர்ஸுக்கும் சேர்த்துதான். வைத்தியம் முழுக்க ஆஸ்பத்திரில டாக்டர் பண்றது, ஆனா சந்தேகப்படுறதும் சரியான தகவலைக் கொண்டு போய்ச் சேக்குறதும் பக்கத்துல இருக்குறவங்க கையிலதான் இருக்கு.

1. முன்கூட்டியே ஒரு பையில எடுத்து வைங்க

நாலு விஷயம் போதும். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியா எடுத்த ரத்த ரிப்போர்ட் (கால்சியம், ரத்தப் புரதமான ஆல்புமின், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் இருக்குறது), இப்ப சாப்பிடுற எல்லா மாத்திரையும் அட்டையோட, அப்புறம் ஒரு சின்ன நோட்டு.

நோட்டு எதுக்குன்னா, டாக்டர் முதல்ல கேக்குறது "எப்ப இருந்து?" அப்படின்னு. அதுக்கு மூணு பேர் மூணு பதில் சொல்லுவாங்க. தினமும் ரெண்டே வரி: எவ்வளவு தண்ணி குடிச்சாங்க, எத்தனை தடவை யூரின், மோஷன் போச்சா, பேச்சு நேத்து மாதிரி இருக்கா. எழுதி வச்சிருந்தா அந்த நேரத்துல வாக்குவாதமே வராது.

யாருக்கு இது அதிகம் வரும்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க. மார்பகம், நுரையீரல், தலை கழுத்து, கிட்னி, கர்ப்பப்பை வாய் கேன்சர், மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜைல வர்ற ஒரு கேன்சர்). எலும்புக்குப் பரவினாதான் கால்சியம் ஏறும்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, அது பாதிதான் உண்மை. பெரும்பாலான கேஸ்ல கட்டியே ஒரு புரதத்தைச் சுரந்து ரத்தத்துல விடுது, அது பாராதைராய்டு ஹார்மோன் மாதிரியே வேஷம் போட்டுட்டு எலும்புல இருந்து கால்சியத்தைக் கரைக்குது, கிட்னியையும் வெளிய விடாம பிடிச்சு வைக்குது. அதனால "போன் ஸ்கேன் கிளீனா இருக்கு, கால்சியம் பாக்க வேணாம்"னு முடிவு பண்ணாதீங்க.

2. தலையில தெரியறதுக்கு முன்னாடி வயித்துலயும் யூரின்லயும் தெரியும்

இந்த வரிசையைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

முதல்ல வர்றது அதிக தாகம், அதிக யூரின், மலச்சிக்கல், குமட்டல், சாப்பாடு புடிக்காம போறது. கால்சியம் அதிகமானா கிட்னியால தண்ணியைத் தடுத்து வைக்க முடியாது, யூரினா போயிடும். உடம்பு வறண்டா கிட்னி இன்னும் கால்சியத்தைப் பிடிச்சு வைக்கும், அது திரும்ப தண்ணியை வெளிய தள்ளும், குமட்டல்ல வாய் வழியாவும் ஒண்ணும் இறங்காது. இந்தச் சுழல் ஆரம்பிச்சா நம்பர் ரெண்டு மூணு நாள்லயே கிடுகிடுன்னு ஏறிடும்.

இங்க புதுசா வர்றவங்க சறுக்குற இடம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு காரணம் கண்டுபிடிச்சிடுறாங்க. யூரின் அதிகமா, சுகர் ஏறிருச்சு. மோஷன் போகலையா, மார்ஃபின்தான். சாப்பிடலையா, கீமோ. சோர்வா, கேன்சர்னா அப்படித்தான். தனித்தனியா பாத்தா எல்லாமே நியாயமாத்தான் படும். ஆனா இதுல மூணு ஒரே வாரத்துல சேர்ந்து வந்தா அன்னைக்கே கால்சியம் பாக்கச் சொல்லிக் கேளுங்க.

3. நரம்புல என்னென்ன மாறும்னு பொறுமையா கவனிங்க

நரம்பு செல்லுக்கு வெளிய கால்சியம் அதிகமானா அந்த செல் லேசுல தூண்டப்படாது, எல்லாமே மந்தமாகும். அதனால இந்தக் குழப்பம் பெரும்பாலும் சத்தம் போடுற குழப்பமா இருக்காது, அமைதியா இருக்கும். அமைதியா இருக்குறதாலயே வீட்டுல யாரும் பயப்படுறதில்ல, அதுதான் இதோட ஆபத்து.

ஆரம்பத்துல: கவனம் நிக்காது, டிவி ஓடும் ஆனா பாக்க மாட்டாங்க, கேட்ட கேள்வியையே திரும்பக் கேப்பாங்க, ஒரு வேலையை ஆரம்பிச்சுட்டு பாதில விட்டுடுவாங்க. சிலருக்கு மனசு இறங்கிப் போகும், சும்மா அழுவாங்க, எரிஞ்சு விழுவாங்க. ஒரு அம்மாவை வீட்டுல ரெண்டு வாரம் "மனசு விட்டுட்டாங்க"ன்னு சொல்லி எல்லாரும் தைரியம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அட்மிட் ஆனப்ப கால்சியம் 13.2. சலைனும் ஊசியும் போட்டு ஒரு வாரத்துல அதே அம்மா பேரனோட பரீட்சை மார்க் கேட்டாங்க.

அடுத்து: நேரம், இடம், ஆள் குழம்பும். பகல்ல தூக்கம், ராத்திரில முழிப்பு. தொடை, தோள் பக்கம் பலம் குறையும், கட்டில்ல இருந்து எந்திரிக்க கை கொடுக்கணும். பேச்சு இழுக்கும்.

கடைசில: தட்டி எழுப்பினா கண்ணைத் தொறந்துட்டு உடனே மூடிடுவாங்க, அப்புறம் அதுவும் இருக்காது, கோமா. ஃபிட்ஸ் அபூர்வம், ஆனா வரலாம்.

வீட்டுல செய்யக்கூடிய ஒரு சின்ன டெஸ்ட்: வார நாட்களைப் பின்னாலருந்து சொல்லச் சொல்லுங்க. சனி, வெள்ளி, வியாழன்னு. நேத்து சொன்னவங்க இன்னைக்கு நடுவுல தொலைஞ்சு போனா அது தூக்கக் கலக்கம் இல்ல. தினமும் ஒரே கேள்வியா வைங்க, அப்பத்தான் நேத்தோட ஒப்பிட முடியும்.

இன்னொண்ணு, நம்பர் எவ்வளவுங்கிறதை விட எவ்வளவு வேகமா ஏறுச்சுங்கிறதுதான் மூளையைத் தாக்குது. மாசக் கணக்குல மெதுவா 12.5 ஆனவர் நடந்து வருவார், நாலே நாள்ல 12.5 தொட்ட வயசானவர் பேச்சு மூச்சில்லாம வருவார். "12தானே, இதுக்கெல்லாம் குழப்பம் வராது"ன்னு வார்டுல சொல்லிக் கேட்டிருக்கேன், அப்படிச் சொல்லாதீங்க.

4. கால்சியம் இல்லாத ஆபத்துகளைப் பிரிச்சு எடுங்க

கால்சியத்தை நெனச்சதும் மத்ததை மறந்துடக்கூடாது. கீழ சொல்றது இருந்தா ரிப்போர்ட்டுக்காக வீட்டுல காத்திருக்காம நேரா எமர்ஜென்சி போங்க.

ஒரு பக்கம் கை கால் மட்டும் விழுந்தா, வாய் கோணினா, தலைவலியோட வாந்தி வந்தா மூளையைப் பாக்கணும், ஸ்கேன் வேணும். கால்சியத்துனால வர்ற பலவீனம் பொதுவா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

ரெண்டு காலும் பலம் போய், முதுகு வலி, யூரின் அடைப்பு சேர்ந்தா தண்டுவடம் அழுந்துதான்னு அன்னைக்கே எம்ஆர்ஐ எடுக்கணும். இதைத் தவறவிடுறது ரொம்ப சுலபம், ஏன்னா எலும்புக்குப் பரவினவங்களுக்கு ரெண்டுமே ஒண்ணா வரலாம், மலச்சிக்கலும் கால் தளர்ச்சியும் ரெண்டுலயும் இருக்கும். வித்தியாசம் யூரின்ல பாருங்க, கால்சியம்னா வாளி வாளியா போகும், தண்டுவடம்னா நின்னு போகும்.

தூக்கத்தோட கை கால் துள்ளித் துள்ளி விழுது, கண்ணுமணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு, மூச்சு மெதுவாயிருச்சுன்னா மார்ஃபின் தேங்கியிருக்கலாம். இதுல ஒரு முடிச்சு இருக்கு: கால்சியத்துனால உடம்பு வறண்டு கிட்னி டல்லானா, நேத்து வரைக்கும் ஒத்துக்கிட்ட அதே டோஸ் மார்ஃபின் இன்னைக்கு அதிகமாகிடும். அதனால "மார்ஃபினா கால்சியமா"ன்னு ஒண்ணை மட்டும் புடிச்சுக்காம ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

காய்ச்சல், சோடியம் குறையுறது, சுகர் இறங்குறது, ஆக்சிஜன் குறையுறது, ஸ்டீராய்டு, எல்லாமே குழப்பம் கொடுக்கும். சுகரையும் ஆக்சிஜனையும் ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம், அதை முதல்ல முடிங்க.

5. மாத்திரைப் பையைக் கொட்டி ஒவ்வொண்ணா பாருங்க

ஊசியைப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணணும், காரணம் ஒரு பக்கம் இறக்கிக்கிட்டே இன்னொரு பக்கம் ஏத்திக்கிட்டு இருப்போம்.

கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி சாஷே, சத்து மாத்திரைன்னு மெடிக்கல்ல வாங்கினது. எலும்பு வலிக்கு நல்லதுன்னு வீட்டுலயே ஆரம்பிச்சிருப்பாங்க, டாக்டருக்குத் தெரிஞ்சிருக்காது. பிரஷர் மாத்திரைல ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கான்னு அட்டையைத் திருப்பி சின்ன எழுத்துல பாருங்க, அது யூரின்ல போற கால்சியத்தைத் தடுக்குது. ஒரே மாத்திரைல ரெண்டு மூணு மருந்து சேர்ந்து வர்றதால பேரை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. லித்தியமும் இந்த லிஸ்ட்தான். வலி மாத்திரைல டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை கிட்னியைக் கெடுக்கும். டிகாக்சின் (ஹார்ட் மாத்திரை) சாப்பிடுறவங்கன்னா அதை முதல் வார்த்தையா சொல்லுங்க, கால்சியம் ஏறின நேரத்துல அது இதயத் துடிப்பைக் குழப்பும்.

பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டு மாத்திக்கங்க.

பாலையும் கேழ்வரகையும் நிறுத்தணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. பெரும்பாலானவங்களுக்குத் தேவையில்ல, இந்தக் கால்சியம் தட்டுல இருந்து வரல, எலும்புல இருந்து வருது. ஏற்கனவே ரெண்டு வாய் கஞ்சிதான் இறங்குதுன்னா அதையும் பிடுங்காதீங்க. சில லிம்ஃபோமா (நிணநீர் கேன்சர்) கேஸ்ல மட்டும் குடல் அதிகமா உறிஞ்சும், அப்ப டாக்டரே சொல்லுவார்.

தூக்கம் வரட்டும்னு அல்பிராசோலம் மாதிரி மாத்திரை கொடுக்குறது இன்னொரு தப்பு. குழப்பம் கூடும், அதுக்கப்புறம் எதுனால மயக்கம்னு யாராலயும் பிரிக்க முடியாது.

6. ரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது

கால்சியத்தோட ஆல்புமின், கிரியாட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் சேர்த்தே கேளுங்க. தனித்தனியா அனுப்பினா ஆல்புமின் இல்லாம நம்பரைப் படிக்க முடியாது, திரும்ப குத்த வேண்டி வரும். பிடிஎச் (பாராதைராய்டு ஹார்மோன்) டெஸ்ட்டும் ஒரு தடவை போகணும், கேன்சர் இருக்குறவங்களுக்கும் பாராதைராய்டு கோளாறு தனியா வரலாம், பிடிஎச் குறைஞ்சிருந்தாதான் கேன்சர் பக்கம் கை காட்டும். ஈசிஜி ஒண்ணும் எடுத்துடுங்க.

சிஸ்டர்ஸுக்கு: டூர்னிக்கேயை ரொம்ப நேரம் கட்டி வச்சு, கையை மூடித் தொறக்கச் சொல்லி எடுத்தா மொத்தக் கால்சியம் பொய்யா ஏறிக் காட்டும். நரம்பு கிடைச்சதும் தளர்த்திட்டு எடுங்க. அயனைஸ்டு கால்சியம்னா (புரதத்தோட ஒட்டாம தனியா இருக்குற கால்சியம்) காத்து புகாம ஹெப்பரின் சிரிஞ்ச்ல எடுத்து உடனே அனுப்பணும், டேபிள்ல கிடந்தா நம்பர் மாறிடும்.

7. ரிப்போர்ட் நம்பரை அப்படியே நம்பாம திருத்துங்க

நான் அதிகமா பாத்த தப்பு இங்கதான். ரத்தத்துல இருக்குற கால்சியத்துல கிட்டத்தட்ட பாதி ஆல்புமின் மாதிரி புரதத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. கேன்சர்ல இளைச்சுப் போனவங்களுக்கு ஆல்புமின் குறைவு, அதனால மொத்த நம்பரும் குறைச்சலா காட்டும், ஆனா மூளையைத் தாக்குற தனிக் கால்சியம் உள்ள அதிகமா இருக்கும்.

கணக்கு இதுதான்: 4ல இருந்து ஆல்புமினைக் கழிங்க, வந்ததை 0.8 ஆல பெருக்குங்க, ரிப்போர்ட்ல இருக்குற கால்சியத்தோட கூட்டுங்க.

கால்சியம் 10.6, ஆல்புமின் 2.2ன்னு வைங்க. 4ல 2.2 போனா 1.8, அதை 0.8 ஆல பெருக்கினா 1.44, கூட்டினா 12.04. லேப் ஷீட்ல லேசா மட்டும் கூடின நம்பர், அடிக்கோடு கூட போட்டிருக்க மாட்டாங்க, உண்மைல அது நடுத்தர அளவு. ஆள் குழம்பியிருக்கதுக்கு இது தாராளமா போதும்.

திருத்தின நம்பர் 10.5க்கு மேல, 12க்குக் கீழன்னா லேசு, 12ல இருந்து 14 வரைக்கும் நடுத்தரம், 14க்கு மேல எமர்ஜென்சி. ஆனா குழப்பமோ மயக்கமோ இருந்தா நம்பர் என்னவா இருந்தாலும் அட்மிஷன்தான். மைலோமாவுல இந்தக் கணக்கே ஏமாத்தலாம், அதிகமா இருக்குற வேற புரதத்தோட கால்சியம் ஒட்டிக்கும், அங்க அயனைஸ்டு கால்சியம்தான் சரி.

இலங்கை, இங்கிலாந்து, கனடால இருக்குற சொந்தக்காரங்க அனுப்புற ரிப்போர்ட்ல 3.2, 3.5ன்னு இருக்கும். பதறாதீங்க, "கம்மிதானே"ன்னு விட்டுடவும் செய்யாதீங்க. அது மில்லிமோல் கணக்கு, 4 ஆல பெருக்குங்க. 3.5ன்னா 14.

8. முதல்ல தண்ணி, அப்புறம்தான் ஊசி

வறண்டு போன கிட்னில எலும்பு ஊசியை (படி 9ல வர்ற சோலெட்ரானிக் ஆசிட்) ஏத்தினா கிட்னி இன்னும் அடி வாங்கும். அதனால முதல் வேலை நார்மல் சலைன். பொதுவா முதல் சில மணி நேரத்துல ஒண்ணு ரெண்டு லிட்டர், அப்புறம் யூரின் மணிக்கு 100ல இருந்து 150 மில்லி வர்ற மாதிரி வேகத்தை வச்சுக்குவாங்க. ஹார்ட், கிட்னி பிரச்சனை இருந்தா ரொம்ப மெதுவாத்தான் போகும். மூச்சு வாங்குது, படுக்க முடியல, கால் வீங்குதுன்னா உடனே கூப்பிடுங்க, டிரிப்ஸ் முடியட்டும்னு பாக்காதீங்க. குழம்பின பேஷண்ட்டால "மூச்சு முட்டுது"ன்னு சொல்ல முடியாது, அதனால மூச்சை எண்ணிப் பாக்குறது நம்ம வேலை. யூரினை அளந்து எழுதுறதும் அப்படித்தான், பையைக் காலி பண்றவங்க எழுதாம கொட்டிட்டா டாக்டர் இருட்டுல வண்டி ஓட்டுற மாதிரி.

லேசிக்ஸ் (யூரினை அதிகமாக்குற மருந்து) போட்டா கால்சியம் சீக்கிரம் வெளிய போகும்னு பழைய பழக்கம் ஒண்ணு இருக்கு. இப்ப அதை வழக்கமா பண்றதில்ல, ஆளை இன்னும் வறட்டிடும். உடம்புல தண்ணி அதிகமா சேர்ந்து போனா மட்டும்தான் லேசிக்ஸ்.

இந்த நேரத்துல ஆர்.எல் (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலைத் தொங்க விடாதீங்க, அதுலயே கால்சியம் இருக்கு.

9. எந்த ஊசி எப்ப வேலை செய்யும்

கால்சிட்டோனின்: நாலு ஆறு மணி நேரத்துல இறங்க ஆரம்பிக்கும், ஆனா ஒண்ணு ரெண்டு பாயிண்ட்தான், 48 மணி நேரத்துல உடம்பு பழகிடும். ஆள் ரொம்ப மோசமா இருக்கும்போது நேரம் வாங்கிக் கொடுக்குற மருந்து.

சோலெட்ரானிக் ஆசிட்: 4 மில்லிகிராம், 15 நிமிஷத்துக்குக் குறையாம டிரிப்ஸ்ல. கிரியாட்டினின் பாக்காம போடக்கூடாது, ஆர்.எல் போற அதே லைன்ல விடக்கூடாது. ரெண்டுல இருந்து நாலு நாள் ஆகும் வேலை தெரிய, முழுப் பலன் ஒரு வாரத்துல. மறுநாள் காலைல கால்சியம் 13லயே இருக்குன்னு இன்னொரு ஊசி கேட்டு சண்டை போட்ட அட்டெண்டர்ஸ் உண்டு. ரெண்டாவது டோஸுக்கு ஏழு நாளாவது பொறுக்கணும். முதல் ரெண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம், மருந்தோட குணம் அது, ஆனா கீமோ முடிச்சு வெள்ளை அணு குறைஞ்சிருக்குறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா அப்படி விட்டுடக்கூடாது, சொல்லியே ஆகணும்.

கிட்னி ஒத்துக்காதவங்களுக்கும் சோலெட்ரானிக் கேக்காதவங்களுக்கும் டெனோசுமாப். லிம்ஃபோமா, மைலோமான்னா ஸ்டீராய்டு நல்லா வேலை செய்யும். ரொம்ப ஏறி, கிட்னியும் நின்னு போனா டயாலிசிஸ். பல்லு ஆடுது, ஈறுல புண்ணு இருக்குன்னா ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க, சோலெட்ரானிக், டெனோசுமாப் ரெண்டுமே சிலருக்குத் தாடை எலும்பைப் பாதிக்கும்.

10. நம்பர் இறங்கியும் ஆள் தெளியலன்னா

அட்டெண்டர்ஸ் உடைஞ்சு போறது இந்தக் கட்டத்துலதான். அஞ்சாவது நாள் கால்சியம் 10.2ன்னு வந்திருக்கும், அப்பா இன்னும் மகளை அத்தைன்னு கூப்பிடுவார். மூளை ரத்த ரிப்போர்ட்டோட கூடவே நடக்காது, சில நாள் பின்னாடிதான் வரும், வயசானவங்களுக்கு இன்னும் லேட் ஆகும். ஆனா தினமும் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரியணும். கொஞ்சம்கூட மாறலைன்னா படி 4க்குத் திரும்பிப் போங்க, வேற காரணம் ஒளிஞ்சிருக்கு.

அது வரைக்கும்: கண்ணாடி போடுறவங்கன்னா போட்டு விடுங்க, காது மெஷினை மாட்டி விடுங்க, பகல்ல ஜன்னலைத் தொறந்து வைங்க, ராத்திரில சின்ன லைட். ஒரே ஆள் பக்கத்துல இருங்க, பத்து பேர் சுத்தி நின்னு "என்னைத் தெரியுதா"ன்னு கேக்காதீங்க, பதில் தெரியாதப்ப அவங்களுக்குப் பயம் கூடும். "நான் உங்க பெரிய மக, இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை"ன்னு நீங்களே சொல்லிடுங்க. கையைக் கட்டிப் போடுறதைக் கடைசி வழியா வைங்க. எந்திரிக்கும்போது புடிச்சுக்கங்க, எலும்பு அரிச்சிருந்தா கட்டில்ல இருந்து விழுந்தாலே உடையும்.

எதிர்ப்பக்கமும் கண் வைங்க. ஊசிக்கு அப்புறம் கால்சியம் ரொம்ப இறங்கிப் போனா உதட்டைச் சுத்தி மரமரப்பு, விரல்ல சுருக் சுருக், கை இழுத்துப் பிடிக்கும். வைட்டமின் டி குறைஞ்சவங்களுக்கு இது அதிகம்.

11. வீட்டுக்குப் போகுறதுக்கு முன்னாடி

சோலெட்ரானிக் பலன் பொதுவா ரெண்டுல இருந்து நாலு வாரம். கட்டிக்கு வைத்தியம் போகலைன்னா திரும்ப ஏறும். அதனால அடுத்த ரத்த டெஸ்ட் எந்தத் தேதின்னு கேட்டு, வீட்டுக் காலண்டர்ல குறிச்சுட்டுத்தான் வார்டை விட்டுக் கிளம்பணும். தண்ணி எவ்வளவு குடிக்கலாம்னு லிட்டர்ல கேளுங்க, "நெறைய குடிங்க"ங்கிறது ஹார்ட் பேஷண்ட்டுக்குத் தப்பாகிடும். முடிஞ்ச அளவு எந்திரிச்சு உக்கார வைங்க, படுத்தே கிடந்தா எலும்பு இன்னும் கரையும்.

ஆள் தெளிவா இருக்கும்போது ஒரு பேச்சு பேசிடணும், அதைத் தள்ளிப் போடாதீங்க. கேன்சர்ல கால்சியம் இவ்வளவு ஏறுறது பெரும்பாலும் நோய் முத்தின கட்டத்துல, நெறைய பேருக்கு மிச்சம் இருக்குறது மாசக் கணக்குதான், சில சமயம் வாரக் கணக்கு. அடுத்த தடவை ஏறினா திரும்ப அட்மிட் ஆகி ஊசி போடணுமா, வீட்டுலயே இருக்கணுமான்னு அவங்களே சொல்ல முடியுற நாள் இந்த நாலஞ்சு நாள்தான், மறுபடி குழம்பிட்டா கேக்க முடியாது. பேங்க், வீட்டுப் பத்திரம்னு ஆரம்பிக்காம "அடுத்த தடவை என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தோணுது"ன்னு கேளுங்க.

வேணாம்னு சொன்னா அதுவும் ஒரு வைத்திய முடிவுதான். பாலியேட்டிவ் டீம் நம்பரை வாங்கிக்கங்க, வலிக்கும் குமட்டலுக்கும் பதட்டத்துக்கும் வாய் வழியா முடியாதப்ப என்ன கொடுக்கணும்னு எழுதி வாங்கிக்கங்க. வாய் ரொம்ப வறளும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நனைச்ச பஞ்சால உதட்டையும் நாக்கையும் துடைச்சு விடுங்க. பதில் வரலைன்னாலும் துடைக்கும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டுத் துடைங்க.